அம்மாவின் கூலியில் எத்தனை கிலோ பருப்பு?

வணக்கம் மக்களே! குன்னூர் மார்க்கெட் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். பனி இறங்கிவிட்டது, என் மூஞ்சி சரியாகத் தெரியாது. பை தெரிந்தால் போதும். துவரம் பருப்பு அரைக் கிலோ, தக்காளி ஒரு கிலோ, கேரட் கால் கிலோ. இந்தக் கேரட் நம்ம மலையில் விளைந்ததுதான். மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, ஏலம் போய், மறுபடி மலையேறி வந்ததாம். போக வர டீசல் யார் தலையில்? என் தலையில்தான்.

எங்கள் லைனில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு சித்தப்பா நேற்று கேட்டார்: "கூலிதான் ஏறிடுச்சே, அப்புறம் என்ன புலம்பல்?" கொழுந்து பறிக்கிற என் அம்மா கூலியை ரூபாயில் எண்ணுவதே இல்லை, பருப்பில்தான் எண்ணுவார். கணக்குக்காக முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். நாள் கூலி 400, பருப்பு கிலோ 100 என்றால், ஒரு நாள் உழைப்புக்கு நாலு கிலோ. கூலி 440 ஆகி, பருப்பு 160க்குப் போனால்? இரண்டே முக்கால் கிலோ. கையில் நாற்பது ரூபாய் கூடியது, சட்டியில் ஒன்றேகால் கிலோ போச்சு.

இதற்குத்தானே பஞ்சப்படி என்பீர்கள். விலைவாசியை ஈடுகட்டக் கூலியோடு சேர்த்துத் தருகிற அந்தப் படி, விலைவாசிக் குறியீட்டின் புள்ளியைப் பார்த்து ஏறுவது. தொழிலாளர்களுக்கான அந்தக் குறியீட்டுக்கு விலை எடுக்கிற 88 ஊர்களில் நம்ம குன்னூரும் ஒன்று, தெரியுமா? ஆனால் 2016ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்கை மாற்றியபோது, அகில இந்திய அளவில் அந்தக் குறியீட்டில் உணவின் பங்கு 46 சதவீதத்திலிருந்து 39க்கு இறங்கியது. வாடகையின் பங்கு கொஞ்சம் கூடியது. லைன் வீட்டில் வாடகை ஏது? அம்மாவின் சம்பளத்தில் பாதிக்கு மேல் அடுப்புக்கே போகிறது. சாப்பாட்டு விலை எகிறும்போது புள்ளி அந்த அளவுக்கு எகிறாது.

அந்தப் பஞ்சப்படி உயர்வும் தாமதமாகத்தான் வரும். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது அம்மா ரசத்தில் புளியைக் கூட்டிவிட்டார். புள்ளி வரட்டும் என்று ரசம் காத்திருக்குமா?

ரேஷனைச் சொல்லாமல் விட்டால் பாவம். அரிசி இலவசம், பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25. அதுதான் எங்களைத் தாங்குகிறது. ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு, எங்கள் வீட்டில் பத்து நாள்கூட ஓடாது.

சரி, பஸ் வந்துவிட்டது. அம்மா கேரட் அரைக் கிலோ சொல்லியிருந்தார், நான் கால் கிலோதான் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் திட்டு வாங்க வேண்டும்.