கிரகணத்தன்று போஞ்சி (பீன்ஸ்) வெட்டினால் பிள்ளைக்கு உதடு பிளக்குமா?

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. 2025 செப்டம்பர் 7, சந்திர கிரகணம். அவருக்கு அப்போது ஆறு மாதம். விடிந்தால் பெரட்டுக்கு, அதுதான் தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, ஓட வேண்டுமே என்று ராத்திரியே போஞ்சி வெட்டி வைத்திருக்கிறார். பிள்ளை மேலுதடு பிளந்து பிறந்தது. கத்தியைத் தொட்டதால்தான் என்று லயமே (தோட்டத்து வீட்டு வரிசையே) சொல்கிறதாம். "என் தப்பா மிஸ்?" என்று கேட்கிறார்.

இல்லை தங்கச்சி. வாரத்தை எண்ணுங்கள். முகத்தின் இரண்டு பக்கமிருந்தும் சதை வளர்ந்து வந்து ஒட்டித்தான் மேலுதடு உண்டாகிறது. கர்ப்பத்தின் 4ஆம் வாரத்துக்கும் 7ஆம் வாரத்துக்கும் இடையில் அது முடிந்துவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று யோசிக்கத் தொடங்குகிற நேரம் அது. நீங்கள் போஞ்சி வெட்டியபோது அந்த உதடு உருவாகி நாலு மாதம் கடந்திருந்தது.

மஸ்கெலியாவில் நான் மிட்வைஃபாக இருந்தபோது ஒரு பிள்ளைத்தாய்ச்சி கிரகணத்தன்று கதவை அடைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். வாயில் மட்டும் வெற்றிலையும் புகையிலையும். கிரகணம் ஒன்றும் செய்யாது, அந்தப் புகையிலைதான் பிள்ளையின் எடையைக் குறைக்கும் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தாய்மாமன் மகனைக் கட்டியதாலா என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுவாக 100 பிள்ளைகளில் 2, 3 பேருக்குப் பிறவிக் குறை வரும். இப்படி நெருங்கின சொந்தத்தில் அது 4 முதல் 6 வரை போகலாம். மிச்சப் பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு இதுதான் காரணம் என்று யாராலும் கை காட்ட முடியாது.

அடுத்த பிள்ளைக்கு எப்போது ஆயத்தமாவது என்று நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். மறுபடியும் வாரக் கணக்குதான். நாள் தள்ளிச் சில வாரம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தால் உதடும் முதுகுத்தண்டும் உருவாகி முடிந்திருக்கும். ஆகவே, கருத்தரிக்க ஒரு மாதமாவது இருக்கும்போதே போலிக் அமிலம் என்ற விட்டமின் குளிசையைத் தொடங்க வேண்டும். எவ்வளவு என்று டொக்டரிடம் கேளுங்கள், முதல் பிள்ளையைப் பற்றியும் சொல்லுங்கள். வலிப்புக்கு மருந்து எடுக்கிறவர்கள் நீங்களாக நிறுத்தாதீர்கள், முன்கூட்டியே டொக்டரைப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்காரர் தோட்டத்தில் பூச்சி, களை மருந்தடிக்கிற வேலை செய்தால், அது உங்கள் மேல் படாதபடி அவருடைய உடுப்பை அவரே தனியாகத் துவைக்கட்டும்.

சரி, பிள்ளைக்கு வருவோம். உதட்டுத் தையல் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகுதான். அதுவரை படுக்கவைத்துப் பால் கொடுக்காதீர்கள். நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே ஏப்பம் விடவைத்துக் கொடுங்கள்.