பாத்ரூமுக்குள் விரட்டிய புகை

(வடசென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று பல பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். தம் அடிப்பவர்களும் இருப்பீர்கள். உங்களைத் திட்டுவதற்காகக் கூட்டிய கூட்டம் இல்லை இது. பின் வரிசையில் இருப்பவர்கள் தாராளமாக முன்னால் வந்து உட்காரலாம்.

நம் கட்டடங்களில் புகைச் சண்டை பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறது. முதலில் ஒருவர் மாடிப்படியில் நின்று பிடிப்பார். நாலு பேர் முகம் சுளித்ததும் சங்கத்துக்காரர் ‘புகை பிடிக்காதீர்’ என்று ஒரு போர்டு மாட்டுவார். புகைப்பவர் பால்கனிக்குப் போவார். மேல்வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் நாறுகிறது என்று அடுத்த புகார் வரும். மனுஷன் என்ன செய்வார்? பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொண்டு பிடிப்பார். அப்பாடா, பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். பத்து நாளில் இரண்டு மாடி தள்ளி இருக்கிற வீட்டில், ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தை படுத்திருக்கிற அறையில் புகை வாடை அடிக்கும். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு அடுக்குமாடியில் புகை பிடிக்க இருப்பதிலேயே மோசமான இடம் அந்த பாத்ரூம்தான். அங்கே அவரை அனுப்பி வைத்தது நாம் போட்ட போர்டு. ‘இங்கே கூடாது’ என்று சொன்னோம், ‘எங்கே’ என்று சொல்லவில்லை. இன்று நான் பேசப்போவதில் முக்கால்வாசி இந்த ‘எங்கே’ பற்றித்தான்.

முதலில் டக்ட். பாத்ரூம்களின் வென்டிலேட்டர்கள் எல்லாம் திறக்கிற அந்தக் குறுகலான கிணறு. கீழிருந்து மேல்வரை எல்லா வீட்டுக்கும் அது ஒன்றுதான். சுடுதண்ணீர், சமையல் சூடு, பைப்புகளின் வெப்பம் எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கிற காற்று மேலே ஏறும். மேலே வாய் திறந்திருந்தால் புகையும் அதோடு வெளியே போய்விடும். ஆனால் நாம் என்ன செய்திருக்கிறோம்? மழைச்சாரல் வருகிறது, புறா கூடு கட்டுகிறது என்று மொட்டை மாடியில் அந்த வாயை ஃபைபர் ஷீட் போட்டு மூடியிருக்கிறோம். ஏறி வந்த புகைக்குப் போக இடமில்லை. கடைசி இரண்டு மாடி வென்டிலேட்டர் வழியாக வீட்டுக்குள் இறங்குகிறது. புறாவுக்கு வலை போதும். மழைக்கு ஷீட் வேண்டும் என்றால், டக்டின் வாயைச் சுற்றியுள்ள கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு அடி முதல் ஒன்றரை அடி உயரத்தில், நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்துவிட்டு, ஷீட்டை நாலு விரல் வெளியே நீட்டிப் போடுங்கள். வெல்டரை வைத்து ஒரு நாளில் முடிக்கிற வேலை இது. பாதிக் கட்டடங்களில் புகைத் தகராறு இதிலேயே குறைந்துவிடும் என்பது என் கணிப்பு.

அடுத்து எக்ஸாஸ்ட் ஃபேன். டக்டுக்குள் ஊதுகிற ஃபேன் புகையை அழிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது. அங்கே ஃபேன் ஓடாத நேரத்தில் வென்டிலேட்டர் வழியாக உள்ளே நுழையும். ஃபேனின் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் மடிப்புத் தகடு, ஃபேன் நின்றதும் தானாக மூடிக்கொள்ள வேண்டியது. நம் ஊர் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி அது பாதி திறந்தபடியே நின்றுவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் 6 அங்குல ஃபேன் வைத்தால், 160 மில்லிமீட்டர் பிவிசி குழாயை ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக மொட்டை மாடிவரை கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இதில் புகார் சொல்கிறவர்களே செய்கிற தவறு ஒன்று உண்டு. வாடை வந்ததும் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, சமையலறை எக்ஸாஸ்டைப் போடுவார்கள். ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் மூடியிருந்தால் அது வாசல் கதவின் அடி இடுக்கு, ஏசி குழாய் ஓட்டை, பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக வரும். அதாவது பக்கத்து வீட்டுப் புகையை நீங்களே உறிஞ்சி இழுக்கிறீர்கள். மூன்றடி அகலக் கதவின் கீழே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் 90 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. சுவரில் குறுக்கே வைத்த ஒரு செங்கல்லை உருவி எடுத்த ஓட்டைக்குச் சமம். வாடை வரும்போது எக்ஸாஸ்டை நிறுத்துங்கள். புகை வராத பக்கத்து ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை உள்நோக்கி வைத்து ஓட்டுங்கள். வீட்டுக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடும், இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகும், புகை எதிர்த்து வர முடியாது.

எந்த இடுக்கு என்று கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, கொளுத்திய பத்தியைக் கதவடியில், சுவிட்ச் போர்டு ஓரத்தில், ஏசி குழாய் நுழையும் இடத்தில், சிங்க் அடிக் குழாயைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். புகை அறைப் பக்கம் வளைந்தால் அங்கே காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். ஒரே இடத்தைக் காலையிலும் இரவிலும் பாருங்கள், திசை மாறலாம். கதவடிக்கு ரப்பர் பட்டை. ஏசி ஓட்டைக்குப் பிளம்பர் அப்பிவிட்டுப் போன களிம்பு காய்ந்து வெடித்திருக்கும், அதைச் சுரண்டிவிட்டு சிலிக்கான் அல்லது ஒயிட் சிமென்ட்.

ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் 1200 கன அடி, சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் பெட்டியில் போட்டிருக்கிற ‘சிஏடிஆர்’ எண், அதாவது மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தருகிறது என்கிற அளவு, 170 கன மீட்டருக்குக் குறையக்கூடாது. அப்போதும் அது பிடிப்பது துகளைத்தான். வாடையைப் பிடிக்கிற கரி ஃபில்டர் சீக்கிரம் நிறைந்துவிடும், கார்பன் மோனாக்சைடை அது தொடுவதே இல்லை. ஸ்பிளிட் ஏசியும் அறைக்காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, வெளியே அனுப்புவதில்லை.

இப்போது தம் அடிக்கிற அண்ணன்மார்களுக்கு. ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டி ஊதுகிறேனே என்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கிற புகையில் சுமார் 85 சதவீதம் நீங்கள் ஊதுவதில்லை, கையில் இருக்கிற சிகரெட்டின் நுனி சும்மா எரியும்போது வருவது. முகம் வெளியே, கை உள்ளே என்றால் பயன் கிடையாது. இன்னொன்று, கடைசி இழுப்புக்குப் பிறகும் ஒரு நிமிடம் போல மூச்சில் புகைத்துகள் வந்துகொண்டே இருக்கும். அணைத்த கையோடு லிஃப்டில் ஏறாமல் இரண்டு நிமிடம் வெளியே நின்றுவிட்டு வாருங்கள். எதிரில் நிற்பவருக்கு அதுவே பெரிய உபகாரம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது புகைக்காதவரின் வாழ்வுரிமையைப் பாதிக்கிறது என்று தடை விதித்தது. பிறகு 2003-ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் இறுகின, அபராதம் 200 ரூபாய் வரை. சட்டம் சொல்கிற பொது இடங்களின் பட்டியலில் வீடு இல்லை. தன் வீட்டுக்குள் பிடிப்பது குற்றமில்லை. புகைப்பவரின் உரிமை என்று நாம் சொல்வதெல்லாம் அவ்வளவுதான்: நாலு சுவருக்குள் சட்டம் அவரை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் புகை நாலு சுவருக்குள் நிற்பதில்லை என்பதுதான் சிக்கலே. கீழ்த்தளத்தில் கிளினிக், டியூஷன் சென்டர், கடை இருந்தால் அவை சந்தேகமில்லாமல் பொது இடம். 60-க்கு 30 சென்டிமீட்டர் அறிவிப்புப் பலகை அங்கே கட்டாயம். மாடிப்படியும் காரிடாரும் பொது இடமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். வாதாடிக்கொண்டிருப்பதை விட சங்கத் தீர்மானம் உறுதியானது. காற்றை நச்சாக்குவதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-ஆவது பிரிவில் 1000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்கு இழுத்தால், அப்புறம் தண்ணீர் மோட்டார் போடுவதிலிருந்து பைக் நிறுத்துவதுவரை எல்லாமே சண்டைதான்.

தீர்மானத்தில் எதை எழுதுவது? படி, லிஃப்ட், காரிடார், கீழே பைக் நிறுத்துகிற இடம், மீட்டர் போர்டு அறை, சிலிண்டர் வைக்கும் இடம் ஆகியவற்றில் கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பைக் நிறுத்தும் இடத்தில் வாடை மட்டும் பிரச்சினை இல்லை, பெட்ரோல் ஆவி. டக்டில் திறக்கிற பாத்ரூமில் பிடிக்க வேண்டாம் என்பதைக் கோரிக்கையாக எழுதுங்கள். உள்ளே போய்ப் பார்க்க முடியாத இடத்துக்குத் தடை போட்டால் தீர்மானத்துக்கே மரியாதை போய்விடும். மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றி, வாடகைக்கு வருகிறவரின் ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். சங்கமே அபராதம் வசூலிக்கிற யோசனை வேண்டாம். இருநூறு ரூபாய்க்கு இரண்டு வருஷப் பகை.

அடுத்த வரியில் இடத்தைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்க அரசுக் குடியிருப்புகளில் 2018 முதல் கட்டடத்திலிருந்து 25 அடிக்குள் புகைக்கக்கூடாது. நல்ல விதி. ஆனால் நம்முடையது இருபதுக்கு அறுபது, அரை கிரவுண்டு மனை. 25 அடி தள்ளிப் போனால் பக்கத்துத் தெருவில் நிற்போம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007-இல் வெளியான அளவீடுகளின்படி, திறந்த வெளியில் ஆறேழு அடி தாண்டினால் புகை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே நமக்கு மொட்டை மாடிதான். டக்டின் வாய், படிக்கட்டு அறைக் கதவு, துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி ஒரு மூலை.

எந்த மூலை? கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், இரவுவரை இருக்கும். அப்போது மேற்கு ஓரத்தில் நின்றால் நம் கட்டடத்துக்குள் இறங்காது. விடிகாலையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், கிழக்கு ஓரம் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று, அதனால் தென்மேற்கு மூலை. மேற்கே ஒட்டியபடி இன்னொரு மாடி வீடு இருந்தால் இந்தக் கணக்கு அவர்கள் தலையில் விடியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் டப்பா ஒன்றில் முக்கால் பங்கு மணல் போட்டு வையுங்கள், காகிதக் குப்பை அதில் விழ வேண்டாம். துண்டுகளை மாடியில் வீசினால் ஃபில்டர் மக்காத பிளாஸ்டிக், மழைநீர்க் குழாயின் வாயை அடைக்கும்.

ஹவுசிங் போர்டு வீடுகளிலும், ராயபுரம் பக்கம் ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு போர்ஷன் இருக்கிற பழைய வீடுகளிலும் சங்கம், மினிட்ஸ் எல்லாம் இருக்காது. அங்கே வாய்ப்பேச்சுதான். போவதற்கு முன் ஒரு வாரம் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வாடை வருகிறது, எந்த அறையில், அப்போது ஃபேன் ஓடியதா. பிறகு அவரிடமே நேராகப் பேசுங்கள். பெண்கள் பெண்களிடம் சொல்லி, அந்த அம்மா வீட்டுக்குள் போய்த் திட்டு வாங்குகிற வழக்கம் வேண்டாம். “அண்ணே, நைட்டு பத்து மணிக்கு மேல பாத்ரூம்ல புடிச்சா டக்ட் வழியா மேல பாப்பா ரூமுக்கு வந்துடுது, மாடிக்குப் போயி புடிச்சுக்குங்களேன்” என்று சொன்னால் அதில் நேரம், வழி, மாற்றிடம் மூன்றும் இருக்கிறது. “எப்பப் பாத்தாலும் நாத்தம்” என்றால் எதுவும் இல்லை.

புகார் சொல்வதற்கு முன் உங்கள் வீட்டுக் கொசுவர்த்தியையும் பாருங்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளியாகும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தி அதைக் கொளுத்திவிட்டு எதிர்வீட்டுக்காரரின் ஒரு சிகரெட்டுக்குச் சங்கத்தைக் கூட்டுவது கொஞ்சம் அதிகம்தான்.

ராத்திரி மாடிக்கதவைப் பூட்டிவிடுகிற கட்டடமா? சாவி ஒன்றை வாட்ச்மேனிடம் வையுங்கள். மூட்டுவலி, மாடி ஏற முடியாது என்கிற பெரியவர்களுக்கு மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கட்டும். மிட்டாய் போல மென்று முழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். காரம் தெரிகிறவரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்து கால் மணி நேரத்துக்குள் போட்டால் வேலை செய்யாது. விட்டுவிடலாம் என்று தோன்றினால் 1800-11-2356, கட்டணமில்லாத அரசு எண்.

கடைசியாக ஒரு வேலை, ஐப்பசி பிறப்பதற்குள். மொட்டை மாடியில் புகைக்க ஒதுக்கிய அந்த மூலையில் நாலுக்கு ஆறடி தகரக் கூரை ஒன்று, இரண்டு பக்கம் திறந்தபடி போட்டுவிடுங்கள். அது இல்லையென்றால் முதல் மழையிலேயே எல்லோரும் மாடிப்படிக்குத் திரும்பி வந்துவிடுவார்கள்.