நோயாளியோடு சேர்ந்தே வரும் கிருமி

நேயர்களுக்கு வணக்கம். ஐ.சி.யூ.வில் இருக்கும் நோயாளிக்கு நான்கைந்து நாளில் காய்ச்சல் ஏறினால், வெளியே காத்திருக்கும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி: "டாக்டர், இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது?" பக்கத்துப் படுக்கையிலிருந்தோ ஊழியர் கையிலிருந்தோ வந்திருக்கலாம். ஆனால் பல நேரங்களில் அது நோயாளியின் உடம்பிலேயே முன்பே இருந்த கிருமிதான்.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்கில் அது இருக்கிறது. வலியில்லை, காய்ச்சலில்லை. 2001-இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வில், மூக்கிலும் ரத்தத்திலும் இந்தக் கிருமி இருந்த நோயாளிகளிடம் இரண்டு இடத்து மாதிரிகளையும் மரபணு முறையில் ஒப்பிட்டார்கள். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களில் இரண்டும் ஒரே கிருமி!

மூக்கிலிருந்து ரத்தத்துக்கு எப்படிப் போகிறது? மூக்கைத் தொட்ட விரல் தோலைத் தொடுகிறது. கழுத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்துக்குள் மருந்து செலுத்தப் போடும் குழாய்) போட்டிருக்கும் இடத்தில் வியர்த்து, மேலே ஒட்டிய டிரெஸ்ஸிங்கின் ஓரம் லேசாகப் பிரிகிறது. கிருமி அந்த வழியே நுழைந்து, குழாயின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி, வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் வேலை செய்வதில்லை.

குடலிலும் இதே கதைதான். கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா பற்றி ஆஸ்திரேலிய ஐ.சி.யூ. ஒன்றில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. சேரும்போதே குடலில் இந்தக் கிருமி இருந்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. இல்லாதவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

இந்த 16-ஐக் கேட்டுப் பயப்படுவதற்கு முன், நூற்றில் மீதி 84 பேரையும் பாருங்கள். கிருமி இருந்தது, தொற்று வரவில்லை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: குடியேறியிருப்பது வேறு, நோய் வேறு. யூரின் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி வளர்ந்தது என்று ரிப்போர்ட் வந்ததும், காய்ச்சலோ எரிச்சலோ இல்லாத நோயாளிக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுங்கள் என்று குடும்பத்தார் கெஞ்சுவதுண்டு. கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் சிகிச்சை செய்துகொள்ளப்போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. கெடுதலும்கூட. குடலில் இடம் பிடித்து, கெட்டதை வளரவிடாமல் வைத்திருக்கும் சாதுவான பாக்டீரியாக்கள் அந்த மருந்தில் செத்துப்போகின்றன. மருந்துக்கு அடங்காதவை பரவுகின்றன. அடுத்த வாரத் தொற்றுக்கு நாமே வழிவிட்டதாகிறது.

சரி, அப்படியானால் சும்மா இருப்பதா? இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் இருந்தவர்களுக்கு மூப்பிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு தடவி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி சோப்பால் குளிக்க வைத்தார்கள். அந்தக் கிருமியால் வரும் மருத்துவமனைத் தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பு இதைச் செய்வது நல்ல பலன் தரும்.

அப்புறம், குழாய்கள். சிறுநீர் வெளியேறப் போடும் குழாய் (கதீட்டர்) உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடிக்கொண்டே போகிறது. உங்கள் வீட்டு நோயாளிக்குக் குழாய் போட்டிருந்தால், காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இது இன்றைக்கும் தேவையா டாக்டர்? எப்போது எடுப்பீர்கள்?"