உங்க பேரென்னக்கா?

நடுவர் ஐயாவுக்கும், பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மேலூர் மக்களுக்கும் வணக்கம்.

'யூடியூப் பிரபலங்களோடு நமக்கு இருப்பது உறவே' என்று பேசிவிட்டுப் போன எதிரணித் தம்பி, பிசிராந்தையாரை இழுத்து வந்தார். முகம் பார்க்காமலே கோப்பெருஞ்சோழனோடு நட்பாக இருந்தவர், அதுவும் நம்ம பாண்டிய நாட்டுக்காரர் என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிவிட்டார். சரி, அவரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் எங்கள் மதினி கதை.

மதினிக்குத் திருமங்கலம். காலை ஆறு மணிக்கு அஞ்சறைப் பெட்டியில் செல்போனைச் சாய்த்து வைப்பாள். சமையல் சேனல் பெண் ஒருத்தி வந்து, "சாப்டாச்சா செல்லம்?" என்பாள். கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துவாள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது வித்தை. அந்த நொடியில் மதினி, "இன்னும் இல்லத்தா" என்று பதில் சொல்லிவிடுவாள். எங்கள் அண்ணன் கேட்டால் பதில் வராது.

இந்த வித்தை பழசு. 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ரேடியோ, டிவி தொகுப்பாளர்களைக் கவனித்து எழுதினார்கள். நேயரின் பதில் காதில் விழுந்த மாதிரியே அவர்கள் பேசுவார்கள். கேட்பவருக்கு நேரில் பழகுகிற மயக்கம் வரும். ஆனால் போக்குவரத்து ஒருவழிதான். அதற்குப் 'பாராசோஷியல்' என்று பேர் வைத்தார்கள். இன்றைக்கு அடுப்படி, பிள்ளையின் காய்ச்சல், மாமியார் சண்டை எல்லாமே வீடியோவில் வருகிறது. ஒரு வீட்டு அடுப்படி வரைக்கும் நம்மை விட்டால், சொந்தம் என்றுதானே மனசு எடுத்துக்கொள்ளும்? மனசு மேல் தப்பில்லை. ஆறுதல் கிடைக்கிறது என்று எதிரணி சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். அதை உறவு என்பதில்தான் தகராறு.

போன மாதம் அந்தப் பெண் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையைத் திறக்க வந்தாள். மதினி நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலோடு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றாள். அந்தப் பிள்ளையின் மாமியாருக்கு எந்த முழங்காலில் வலி என்பது வரை மதினிக்குத் தெரியும். பக்கத்தில் போனதும் அவள் சிரித்த முகமாகப் பாட்டிலை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "உங்க பேரென்னக்கா?"

அவளைக் குறை சொல்லவில்லை. லட்சம் பேரின் பெயரை யாரால் ஞாபகம் வைக்க முடியும்?

இப்போது பிசிராந்தையார். தம்பி, புறநானூற்றில் அந்தச் சோழன் பேசுவதைப் படித்தீர்களா? அவர் தம் பெயரைச் சொல்லும்போதுகூட 'என் பெயர் சோழன்' என்றுதான் சொல்வார், கட்டாயம் வருவார், அவருக்கு இடம் விடுங்கள் என்கிறான், சாப்பாட்டை விட்டு, வடக்குப் பார்த்து உட்கார்ந்து உயிரை விடத் துணிந்து வடக்கிருந்தவன். பார்க்காத நண்பர் தம்மை எப்படி அறிமுகம் செய்துகொள்வார் என்பது வரை அவனுக்குத் தெரிந்திருக்கிறது! பக்கத்தில் ஒரு இடம் காலியாகக் கிடந்தது. அவரும் வந்து உட்கார்ந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். ஊறுகாய் வீடியோவில் வரும் என்று மதினி ஒரு வாரம் பார்த்தாள். வரவில்லை. எட்டாம் நாள் காலை ஆறு மணி. "சாப்டாச்சா செல்லம்?"

அடுப்படியிலிருந்து குரல் வருகிறது: "இன்னும் இல்லத்தா."