நிலாவெளி இருக்க மாலைதீவு எதுக்கு?

(திரையில்: உப்புவெளிக் கடற்கரை. பக்கத்தில், மேலிருந்து எடுத்த மாலைதீவுப் படம்.)

வணக்கம். மாலைதீவுக்குப் போகப் போறம் என்று திருகோணமலையில் வாயைத் திறந்தால் முதலில் வாற கேள்வி இதுதான்: "வீட்டு வாசலில் கடல் கிடக்க, காசைக் கொட்டி இன்னொரு கடலைப் பார்க்கவோ போறியள்?"

நியாயமான கேள்வி. வெள்ளை மணல் வேணுமென்றால் நிலாவெளி இருக்கு, மாபிள் பீச் இருக்கு. பவளப்பாறை பார்க்கப் புறாமலைத் தீவு இருக்கு. 2003 இலிருந்து அது தேசியப் பூங்கா. அதனால் மணலுக்காக மாலைதீவுக்குப் போகாதேங்கோ. போறதுக்கு என்னைக் கேட்டால் இரண்டே காரணம்தான். ஒன்று காலம். மற்றது தண்ணிக்குக் கீழே இருக்கிறது.

(திரையில்: இந்து சமுத்திர வரைபடம். வாடைக்கு ஒரு அம்புக்குறி, தென்மேல் காற்றுக்கு ஒரு அம்புக்குறி.)

எங்கட கரைக்கு மழை கொண்டுவாறது வாடைக் காற்று. ஒக்டோபர் கடைசியில் வானம் இருளும், நவம்பர் டிசெம்பரில் ஊற்றும், ஜனவரி வரைக்கும் இழுக்கும். வள்ளங்களை இழுத்துக் கரையில் ஏற்றி வைச்சிருப்பினம். புறாமலைப் பக்கம் நினைச்சும் பார்க்க ஏலாது. அதே வாடை வீசுற மாதங்கள்தான் மாலைதீவில் வறண்ட காலம். அங்கே மழையும் அலையும் வாறது தென்மேல் காற்றோட, மே தொடங்கி ஒக்டோபர் வரைக்கும். அந்த நேரம் நாங்கள் இங்கே கச்சான் வெயிலில் காய்ஞ்சுகொண்டு, அலையே இல்லாத கடலில் குளிச்சுக்கொண்டிருப்பம்.

எங்கட கடல் மூடுற நேரம் அங்கத்தைய கடல் திறக்குது. இதை மட்டும் மனதில் வைச்சாலே திட்டத்தில் பாதி முடிஞ்சுது. ஒகஸ்ட் லீவுக்கு "மாலைதீவு ஓஃபர்" என்று விளம்பரம் வந்தால், அந்த மலிவுக்குள்ளே மழையும் சேர்ந்திருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கோ. ஒகஸ்டில் எங்கட ஊருக்கே வெளிநாட்டுக்காரர் வாறினம், நாங்கள் ஏன் மழைக்குள்ளே போகவேணும்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் நல்ல காலம். டிசெம்பர் பள்ளிக்கூட லீவில்தான் போகலாம் என்றால், நத்தாரிலிருந்து புதுவருசம் வரைக்குமான நாட்களைத் தவிருங்கோ. ஐரோப்பாக் குளிருக்குத் தப்பி வாற கூட்டம் அப்போது அங்கே நிற்கும், விலை உச்சியில் இருக்கும். என்ர தெரிவு ஏப்ரல். சித்திரை வருசத்தை வீட்டில் கொண்டாடிப்போட்டு, மிச்ச லீவில் கிளம்பலாம்.

நோன்பு மாதத்தையும் பாருங்கோ. வருசா வருசம் அது பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். இப்போது இந்த நல்ல காலத்துக்குள்ளேதான் விழுது. மக்கள் வாழுற தீவுகளில் அப்போது பகலில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை, மற்றவை கலண்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கோ.

(திரையில்: ஒரு பவள வளையத்தின் குறுக்குவெட்டுப் படம்.)

இனி தண்ணிக்குக் கீழே. மாலைதீவு என்றால் ஏறத்தாழ 1,190 சின்னத் தீவுகள். வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கு. இவை 26 வளையங்களாகச் சேர்ந்திருக்கு, அட்டோல் என்று சொல்லுறது. ஒரு காலத்தில் கடலுக்கு மேலே நின்ற எரிமலைகளைச் சுற்றிப் பவளம் வளர்ந்தது. எரிமலை மெல்ல மெல்லத் தாழ, பவளம் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்ந்தது. கடைசியில் மலை மறைஞ்சுபோச்சு, அதைச் சுற்றியிருந்த வளையம் மட்டும் மிஞ்சிச்சு. அதனால்தான் அங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீற்றர்கூட வராது.

இந்த அமைப்பால் எங்களுக்கு என்ன? வளையத்துக்கு உள்ளே தண்ணி அமைதி, வெளியே சட்டென்று ஆழம். சில தீவுகளில் கரையிலிருந்து கொஞ்சத் தூரம் நீந்தினால் பாறையின் விளிம்பு வரும். அதுக்கு அங்கால சுவர் மாதிரி இறங்குது. சுறா, ஆமை, திருக்கை எல்லாம் அந்த விளிம்பிலேயே திரியும். இதை ஹவுஸ் ரீஃப் என்று சொல்லுவினம். எல்லாத் தீவுக்கும் நல்ல ஹவுஸ் ரீஃப் இல்லை. சிலதில் கரையை ஆழமாக்கிப்போட்டினம், சிலதில் 1998 இலும் 2016 இலும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்த பாதிப்பு இன்னும் தெரியுது. அறை பிடிக்க முதல், கரையிலிருந்து நீந்திப்போய்ப் பாறை பார்க்கலாமா, இல்லாட்டி ஒவ்வொரு முறையும் படகுக்குக் காசு கட்டவேணுமா என்று கேளுங்கோ. நீச்சல்குளம் இருக்கா என்பதைவிட இதுதான் முக்கியம்.

வேல் ஷார்க் என்று சொல்லுற பெரிய புள்ளிச்சுறாவைப் பார்க்க ஆசை என்றால் தெற்கு ஆரி அட்டோல். வருசம் முழுக்க அவை திரியுற கடல் அது, டிகுரா தீவில் தங்கலாம். பெரிய மன்டா திருக்கைகள் கூட்டமாகச் சேருறது பா அட்டோலின் ஹனிஃபாரு குடாவில், ஆனால் மே முதல் நவம்பர் வரைக்கும்தான். தென்மேல் காற்றுக் காலத்து நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்தக் குடாவுக்குள்ளே தள்ளி அடைக்கும், திருக்கைகள் அதைத் தேடி வரும். மழைக் காலத்தில் போறதுக்கு நான் ஒத்துக்கொள்ளுற ஒரே காரணம் இது. சிலிண்டர் கட்டி இறங்க அங்கே விடமாட்டினம், முகமூடியும் குழாயும் மட்டும்தான்.

டொல்பின் பார்க்கிற படகுக்கு அங்கே காசு குடுக்கத் தேவையில்லை. மார்ச் தொடங்கி ஒகஸ்ட் வரைக்கும் கோணேசர் கோயில் நிற்கிற எங்கட சுவாமிமலைக்கு வெளியே நீலத்திமிங்கிலமே போகுது.

ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் பிறந்த எங்களுக்கு ஒரு தைரியம் இருக்கும். அந்தத் தைரியம் அங்கே செல்லாது. இரண்டு பாறைகளுக்கு நடுவிலுள்ள வாய்க்கால்களில் நீரோட்டம் ஆளை இழுத்து வளையத்துக்கு வெளியே கொண்டுபோய்விடும். மேலே அலை இருக்காது, அதனால் பார்த்தால் தெரியாது. தெரிஞ்ச ஆள் இல்லாமல் விளிம்புக்குப் போகாதேங்கோ, பிள்ளைகளுக்கு லைஃப் ஜக்கெட் கட்டாயம்.

(திரையில்: ரிசோர்ட் தீவு ஒன்று. பிறகு பள்ளிவாசல், சின்னத் துறைமுகம், சைக்கிள்கள் உள்ள ஊர்த்தீவு ஒன்று.)

எங்கே தங்குறது? அங்கே சுற்றுலா தொடங்கினது 1972 இல், ஒரு தீவுக்கு ஒரு ரிசோர்ட் என்ற முறையில். அந்தத் தீவில் கடை இல்லை, ஊர் இல்லை. தண்ணிப் போத்தல் முதல் படகு வரைக்கும் அவர்கள் சொன்ன விலை. ஊர்த்தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி வந்து இருபது வருசம்கூட ஆகேல்லை. அதுக்குப் பிறகுதான் எங்களைப் போன்ற ஆட்களுக்கு மாலைதீவு எட்டுற தூரத்துக்கு வந்தது.

குடும்பமாகப் போறதுக்கு ஊர்த்தீவுதான் சரி என்று நான் சொல்லுவன், காசுக்காக மட்டும் இல்லை. எங்கட பெண்கள் ரீ-சேர்ட், சல்வாரோட கடலில் இறங்குறவை. ஊர்த்தீவில் எல்லாரும் அப்படித்தான் குளிக்கினம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டினம். நீச்சலுடையில் குளிக்கப் பிகினி பீச் என்று தனியாக ஒதுக்கின இடம் இருக்கும். ரிசோர்ட்டை ஒருக்காப் பார்க்கவேணும் என்றால் ஒரு நாளுக்கு மட்டும் டே பாஸ் எடுத்துப் போய்வரலாம்.

எந்தத் தீவு? மாஃபுஷி தலைநகர் மாலேக்குக் கிட்ட, ஸ்பீட்போட்டில் ஒரு மணித்தியாலத்துக்குள்ளே, அறைகளும் நிறைய. ஆனால் சனம் கூடிப்போச்சு. அமைதி வேணுமென்றால் ஃபுலிதூ, உக்குலாஸ். தொட்டூவில் வத்தகப்பழமும் பப்பாசியும் தோட்டம் தோட்டமாக இருக்கு, அந்த நாட்டில் அது அபூர்வம். ஒரு தீவைத் தெரிஞ்சு நாலு இரவும் அங்கேயே நில்லுங்கோ. இரண்டு தீவு என்று ஆசைப்பட்டால் காசு படகிலேயே போயிடும்.

படகுக் கணக்கை விட்டுவிட்டு அறைக்கு மட்டும் விலை பார்க்கிறதுதான் பொதுவாக நடக்கிற பிழை. விமானநிலையமே தனித் தீவு. அங்கிருந்து தங்கப்போற இடத்துக்குப் போக, ஆளுக்கு இவ்வளவு என்று போகவும் வரவும் வாங்குவினம். அரச படகு மலிவு, ஆனால் மெதுவு, வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பின்னேரம் கழிச்சு இறங்கினால் அந்த இரவுக்கு விமானநிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் இன்னொரு அறை எடுக்கவேணும். தீவைத் தெரிஞ்சு, படகு நேரத்தைக் கேட்டு, அதுக்குப் பிறகு விமான டிக்கெட்டைப் போடுங்கோ.

(திரையில்: கணக்குத் தாள்.)

வரிகளையும் பாருங்கோ. விலைக்குப் பக்கத்தில் இரண்டு சக அடையாளம் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரேல்லை என்று அர்த்தம். 100 டொலர் அறைக்கு 10 வீதம் சேவைக் கட்டணம், அந்த 110 க்கு மேலே 17 வீத வரி. 128 டொலர் 70 சதம். இதுக்கு மேலே பசுமை வரி: 2025 ஜனவரியிலிருந்து சின்னக் கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டொலர், ரிசோர்ட்டில் 12. நாலு பேர், நாலு இரவு, கெஸ்ட் ஹவுஸ் என்றால் 96 டொலர். அங்கிருந்து வெளிக்கிடுற வரியும் விமானநிலையக் கட்டணமும் டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கும். ஒன்றரை மணித்தியாலப் பறப்புக்கு டிக்கெட் ஏன் இந்த விலை என்று யோசிக்கிற ஆட்களுக்கு அதுதான் பதில்.

சாப்பாடு எங்களுக்குக் கஷ்டமில்லை. காலையில் மாஸ் ஹுனி: சூரைமீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய், கூட ரொட்டி. சம்பலுக்கு நாங்கள் இடிச்சுப் போடுற மாசி அந்த ஊர்ச் சரக்குத்தானே. மரக்கறி மட்டும் சாப்பிடுறவை முன்கூட்டியே கெஸ்ட் ஹவுஸுக்குச் சொல்லிவையுங்கோ.

கொண்டுபோகக் கூடாதது: மதுபானம், பன்றி இறைச்சி, வேப் என்கிற மின்சிகரெட். வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை. கைப்பையில் ஒரு சின்னப் பிள்ளையார் எப்பவும் இருக்கும் என்றால் அவரை வீட்டுச் சாமியறையிலேயே விட்டுவிட்டுப் போங்கோ. 2007 ஜனவரி 1 உம் அதுக்குப் பிறகும் பிறந்தவர்கள் அங்கே புகைக்கக் கூடாது, வெளிநாட்டுக்காரருக்கும் இதே சட்டம். திரும்பி வரும்போது பவளத்துண்டு, மணல் ஒன்றையும் பையில் போடாதேங்கோ.

திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா விமானநிலையத்துக்குப் போகக் கொழும்புக்கே போகவேணும் என்றில்லை. ஹபரணை, தம்புள்ளை வழியாகக் குருநாகலில் இறங்கி, நீர்கொழும்புப் பக்கம் திரும்பலாம். நாலு பேர் என்றால் வான் பிடிச்சு இரவே வெளிக்கிடுறது நல்லது.

விசா அங்கே இறங்கினதும் தருவினம், 30 நாளுக்கு, இலவசம். திரும்பி வாற டிக்கெட், உறுதியான அறைப் பதிவு, கையில் செலவுக்குப் பணம் இருக்கு என்ற ஆதாரம் மூன்றையும் தாளில் வைச்சிருங்கோ. எங்கட நாட்டிலிருந்து வேலைக்குப் போறவை நிறையப் பேர் என்பதால், தனியாகப் போற இளம் ஆட்களிடம் கொஞ்சம் துருவித்தான் கேட்பினம். டொலரை வங்கியிலோ அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையிலோ மாற்றி, ரசீதை வைச்சிருங்கோ.

கடைசியாக, இமுகா என்ற இணையப் படிவம். போறதுக்கு முந்தின 96 மணித்தியாலத்துக்குள்ளே ஒருக்கா, திரும்புறதுக்கு முதல் அதே மாதிரி ஒருக்கா நிரப்பவேணும். மாலைதீவு குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் அது இலவசம். நிரப்பித் தாறம் என்று காசு கேட்கிற தளம் முன்னால் வந்தால் மூடிவிடுங்கோ.