பகலில் மிச்சம், இரவில் பஞ்சம்

வணக்கம் உறவுகளே. நேரம் பகல் பன்னிரண்டரை. இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை, வீட்டு விறாந்தையில்தான் நிற்கிறேன். கமராவைக் கிட்டக் கொண்டு போகிறேன், இந்தப் பெட்டியைப் பாருங்கள். எங்கள் சோலரின் இன்வேர்ட்டர், கூரைத் தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கும் லைனுக்கும் ஏற்றபடி மாற்றும் பெட்டி. பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு. திரையில் வோல்டேஜ் 256, வழக்கமாக 230 அளவில் இருக்க வேண்டியது. கூரையில் வெயில் கொளுத்துகிறது, ஆனால் ஒரு யூனிட்கூட வெளியே போகவில்லை. பழுது ஒன்றும் இல்லை. இந்த லைனில் இப்போது பல வீடுகளில் சோலர். எல்லாரும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை ஏற்றினால் வோல்டேஜ் கூடும், பெட்டி தானாகவே கழன்றுகொள்ளும். கொஞ்ச நேரத்தில் வரும், திரும்பப் போகும்.

இதை ஏன் காட்டுகிறேன் என்றால், 2030இல் இலங்கையின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்பது அரசின் இலக்கு. அந்தக் கணக்கில் விக்டோரியா, கொத்மலை, லக்சபான எல்லாம் அடக்கம். அதாவது நம் அப்பா, தாத்தா காலத்து அணைகள். மழை பெய்த வருடம் கணக்கு அழகாக இருக்கும். வரட்சி வந்தால் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும்தான்.

காற்று? மன்னார் தம்பபவனி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். அதற்குப் பிறகு மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் போட வந்த அதானி நிறுவனம் விலைச் சிக்கல், வழக்குகளுக்கு நடுவே 2025 பெப்ரவரியில் விலகிவிட்டது. இதில் மன்னார்ச் சனத்தை அபிவிருத்திக்கு எதிரிகள் என்று சிலர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. வலசைப் பறவைகள் வரும் சின்னத் தீவு அது, மழைவெள்ளம் வடியாமல் நிற்கும் மண். கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

சரி, குரங்குக் கதைக்கு வருவோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடே இருண்டது. எல்லாரும் சிரித்தோம். ஆனால் நடந்தது என்ன? விடுமுறை நாள், பாவனை குறைவு, வெயில் அதிகம். சோலர் பெரும்பங்கு கொடுத்துக்கொண்டிருந்தது. நீர், நிலக்கரி நிலையங்களின் பெரிய சுழலிகள் ஓடும் சைக்கிள் மாதிரி, சின்னத் தள்ளலுக்கு விழாது. சோலரில் சுழல ஒன்றும் இல்லை. ஒரு தட்டு தட்டியதும் எல்லாம் சரிந்தது. நுரைச்சோலையும் நின்றது, அடுத்த நாள்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

அப்புறம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை. கூரைச் சோலரைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. கடன் எடுத்துப் பூட்டிய சாமானை நிறுத்தச் சொல்கிறார்கள்! ஆனால் மாலை ஆறரைக்குப் பாவனை ஏறும்போது அந்த வெயில் கைகொடுக்காது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நம்மிடம் குறைவது வெயில் இல்லை, வெயிலைப் பிடித்து வைக்கும் பாத்திரம். பகல் மிச்சத்தில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் மகா ஓயாத் திட்டம் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறார்கள். பட்டரியும் அப்படித்தான். தகடு பூட்டினால் திறப்புவிழா வைக்கலாம், ரிபன் வெட்டலாம். வயருக்கும் பட்டரிக்கும் யார் ரிபன் வெட்டுவார்?

பொறுங்கள், பச்சை வந்துவிட்டது. பாருங்கள், பாருங்கள்... சரி, போய்விட்டது.