கார்டுதான் தப்பு

அவைத் தலைவர் டத்தோ அவர்களே, ஆலய நிர்வாகத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைக் கொடுத்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் மாதர் பிரிவுச் சகோதரிகளே, பாயான் லெப்பாசிலிருந்தும் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்திலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருநங்கைச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். டத்தோ அவர்களுக்கு இன்று இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. இருந்தும் கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

திருநங்கையரைப் பற்றி, இலக்கணம், மருத்துவம், மனசு என்று மூன்றைப் பேச வந்தேன். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவர்களை உயர்திணையில் வைத்துவிட்டார். நாமோ இன்றைக்கும் பசாரில் ஒரு திருநங்கையைக் கண்டால், 'அது போகுது பார்' என்கிறோம். எத்தனை பெரிய இலக்கணப் பிழை! மருத்துவத்தைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் திருநங்கையாக இருப்பதை மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது. மீதியை மருத்துவர்கள் சொல்லட்டும். நான் மனசுக்கு வருகிறேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இது என் அம்மா அடிக்கடி சொன்ன பழமொழி.

அம்மா நம் மலேசியாவில், கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். மருத்துவச்சி பார்த்த பிரசவம். யாரும் போய்ப் பதியவில்லை. அதனால் சாகும்வரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டுதான். இங்கேயே பிறந்து, இங்கேயே பால் மரம் வெட்டியவர், ஒவ்வொரு கவுண்டரிலும் 'நீ எந்த ஊர்?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னார்.

ஒரு நாள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். நல்ல கூட்டம். எங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, சேலை கட்டிய ஒரு பெண், மடியில் கைப்பை, காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. தாதி உள்ளேயிருந்து ஒரு ஆண் பெயரைக் கூப்பிட்டார். 'அனாக் லெலாக்கி', அதாவது 'இன்னாரின் மகன்' என்பது வரைக்கும் முழுசாக, சத்தமாக. யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். அந்தப் பெண் எழுந்தார். இரண்டு வரிசை ஜனமும் திரும்பியது. பின்னால் யாரோ 'பொண்டான்' என்று, திருநங்கையரை இழிவாக அழைக்கும் மலாய்ச் சொல்லைச் சொன்னான். சிரிப்பு. நானும் சிரித்தேன். இந்த மேடையில் அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசியது எல்லாம் பொய்.

தாதி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் மைகார்டில், அதாவது குடிமக்களின் அடையாள அட்டையில், 12 எண்கள். கடைசி எண் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். கார்டில் ஒற்றை, எதிரே நிற்பவர் பெண். அவர் கார்டை வாங்கிக்கொண்டு, மருந்தே வேண்டாம் என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

அப்போது அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தார். முழங்கால் வலிக்காரர், நான் பிடிக்காமல் எழமாட்டார். அன்று எழுந்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, இடுப்பு முடிச்சிலிருந்து தன் சிவப்புக் கார்டை எடுத்துக் காட்டினார். "இங்க பாரும்மா. எனக்கும் கார்டுதான் தப்பு. நான் தப்பில்ல. வா, உக்காரு" என்றார். மண்டபத்தில் நீங்கள் இப்போது இருக்கிற மாதிரியே அங்கும் ஒரு அமைதி. மருந்து வாங்கும்வரை இருவரும் கையை விடவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். சரி, நமக்கு வந்ததே! நம் தாத்தா பாட்டிக்கு வந்தது. சிவப்புக் கார்டோடும் கார்டே இல்லாமலும் நம் பிள்ளைகள் இன்றும் அலைகிறார்கள். இத்தனை வருஷமாக ஊர் ஊராகப் போய் ஆவணங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். இதுவும் அதே வழக்குதான் என்று எனக்குப் புரியவைத்தவர் படிக்காத என் அம்மா. நம் நாட்டுத் திருநங்கை உரிமைப் போராளி நிஷா அயூப், அமெரிக்க வெளியுறவுத் துறையின் அனைத்துலகத் துணிவுமிக்க பெண்கள் விருதை 2016-இல் பெற்றார். அந்தத் துணிவு, ஒரு கவுண்டருக்கு முன்னால் போய் நிற்பதற்கே தேவைப்படுகிறது.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். சிவப்புக் கார்டு வைத்திருப்பவர்கள், பிறப்புப் பத்திரம் பதியாதவர்கள், இருக்கிற காகிதத்தை எல்லாம் கொண்டுவந்து காட்டுங்கள். பணம் வேண்டாம்.

அப்புறம் பெற்றோருக்கு ஒன்று. திருநங்கை என்பதால் வீட்டைவிட்டுப் போன பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் உங்கள் பீரோவில்தான் இருக்கும். அவை இல்லாமல் வேலை கேட்டு அந்தப் பிள்ளை எங்கே போகும்? கோபம் தீரவில்லை என்றால் பேச வேண்டாம். இன்றிரவு அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து, தூசி தட்டி, மேசையில் கொண்டுவந்து கொடுங்கள். நாங்கள் சேர்த்துவிடுகிறோம்.